குத்தாக இருந்தாலும் வலது கையால்தான்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
12-8-1958

மதிப்பும் பாசமும் நிறைந்த அத்தான் இராமசாமி அவர்களுக்கு, மைத்துனன் வேலாயுதம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் சரஸ்வதியும் தங்கள் புதல்வன் சுந்தரமும் சுகம். தைப்பிங்கில் தாங்களும் லட்சுமி அக்காவும் சுகமாக இருக்கிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. தாங்கள் போன கடிதத்தில் என்னைத் திட்டியிருக்கிற தெம்பைப் பார்த்தாலே தெரிகிறது, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

மாதக் கடைசியில் சனிக்கிழமை, ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் சுந்தரம் குத்துச்சண்டை ஃபைனலில் இறங்குகிறான் என்று கேள்விப்பட்டு, ரயில்வே பாஸ் எடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள் என்று சொல்வதுதான் முறை. ஆனால் இந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறது. அதோடு குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. சரஸ்வதிக்கு முழங்கால் வலி. மூட்டைப்பூச்சியைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். இதுவரை எழுதியதைச் சரஸ்வதி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "அம்மை போட்ட பிள்ளைங்க எல்லாம் ஆறிப்போயி தெருவுல பட்டம் விட்டுக்கிட்டு இருக்குதுங்க. எனக்கு எந்த முழங்கால்லங்க வலி? இத்தனை பொய்யையும் எழுதி அதுக்கு ஸ்டாம்பு வேற ஒட்டப் போறீங்களா?" என்றாள். ஆகவே அத்தான், வெள்ளையடிப்பு, அம்மை, முழங்கால் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூட்டைப்பூச்சி மட்டும் நிஜம்.

உண்மை என்னவென்றால், நீங்கள் வந்து பார்க்கும்படியாக உங்கள் மகன் இப்போது இல்லை. பதற வேண்டாம், கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. எது முன்னால் எது பின்னால் என்பதில்தான் தகராறு. "என் பையனின் ஸ்ட்ரெயிட் லெஃப்ட் எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். நானும் ஒவ்வொரு பதிலிலும் மழையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தேன். பட்டாளத்தில் நீங்கள் வெள்ளைக்காரச் சார்ஜன்டிடம் கற்று, அவனுக்குப் பத்து வயதிலிருந்து ஊட்டி வளர்த்த அந்த இடதுகை நேர்க்குத்தை அவன் அடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இடது காலை முன்னால் வைத்து, இடது கையை நீட்டி, வலது கையைத் தாடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்து நிற்கிற அந்த அழகான நிலை போயே போய்விட்டது. இப்போது வலது காலும் வலது கையும் முன்னால். இதற்குக் காரணம் நான் இல்லை. இதைத் தனியாக ஒரு வாக்கியமாகவே எழுதுகிறேன்.

காரணம் துரைசாமி ஐயா. நான் செக்ரட்டரியாக இருக்கும் வாலிபர் குத்துச்சண்டை மன்றத்தின் போஷகர். கெர்பாவ் ரோட்டில் மளிகை மொத்த வியாபாரம். அவருடைய மிளகாய்க் கிடங்கின் பின்பக்கத்தில்தான் பயிற்சி நடக்கிறது. வெளி மன்றத்துப் பையன்கள் பயிற்சிச் சண்டைக்கு வந்தால் முதல் ரவுண்டு முழுக்கத் தும்முவார்கள், அது எங்களுக்கு ஒரு சௌகரியம். துரைசாமி ஐயா இடம் கொடுத்தார், கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார், ஆனால் சண்டை நடக்கும்போது ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. போன வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள், நெற்றி நிறைய விபூதியோடு திடீரென்று வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுந்தரம் எங்கள் மன்றத்துப் பையன் அஸ்மத்தோடு குத்துப் பழகிக்கொண்டிருந்தான். டப் டப்பென்று இடதுகைக் குத்து, பார்க்கக் கண் கொள்ளாது. ஐயா முகம் சுண்டிப்போய்விட்டது.

"செக்ரட்டரி, என்ன இது? தம்பி முதக் குத்தையே இடது கையால குடுக்குது?"

"அதுதாங்க முறை. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் என்னமும் பண்ணட்டும். ஒருத்தருக்கு ஒரு பொருளை இடது கையால குடுப்போமா? வெத்தலை குடுப்போமா, திருநீறு குடுப்போமா? என் கடையில மிச்சக் காசைக்கூட வலது கையாலதான் குடுக்கச் சொல்லியிருக்கேன். குத்தா இருந்தாலும் வலது கையாலதான் குடுக்கணும்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் விளக்கம் சொல்லப் போனேன். "ஐயா, இது அடிக்கிறதுதானே" என்றேன். "அடிக்கிறதும் குடுக்கிறதுதான், அவன் வாங்கிக்கிறான்ல?" என்றார். பக்கத்தில் சரபத் கடை என்கிற டீக்கடை வைத்திருக்கும் அப்துல் காதர் பாய் அந்தக் காலத்தில் நியூ வோர்ல்ட் அரங்கில் சண்டை போட்டவர், எங்கள் பையன்களுக்குப் பழக்கிவிடுகிறவர். அவராவது காப்பாற்றுவார் என்று திரும்பிப் பார்த்தேன். "எங்க மார்க்கத்துலயும் வலதுதான் செக்ரட்டரி முதல்ல" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். இஞ்ஞாசி என்கிற கத்தோலிக்கப் பையன் ஒருத்தன்தான் மிச்சம். அவனும் "சிலுவை போடறது வலது கையாலதான் அண்ணே" என்றான். சர்வமதமும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால் நான் ஒருத்தன் என்ன செய்வேன், சொல்லுங்கள்! அன்றிலிருந்து மன்றத்தில் எல்லோருக்கும் வலது கால் முன்னால். புது மருமகள் வீட்டுக்குள் வருவது போல, ரிங்குக்குள்ளும் வலது காலை எடுத்து வைத்துத்தான் ஏற வேண்டும் என்று உபரியாக ஒரு உத்தரவு. "அப்ப முடிக்கிற பெரிய குத்து இடது கையால வருமே ஐயா?" என்று கேட்டேன். தொடக்கம் நன்றாக இருந்தால் முடிவை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்றார்.

இப்போது நீங்கள் கடிதத்தைக் கசக்கியிருப்பீர்கள். நீவிவிட்டு மேலே படியுங்கள். ஏனென்றால் அந்த வருஷம் நாங்கள் ஜெயித்தோம். சும்மா ஜெயிக்கவில்லை அத்தான், ஊரே வாயைப் பிளந்தது. எதிராளிகள் எல்லாரும் இடது கையை முன்னால் நீட்டுகிற இடதுகைக்காரர்களோடேயே சண்டை போட்டுப் பழகியவர்கள். எங்கள் பையன் எதிரில் வந்து நின்றதும் இவன் முன்னங்காலும் அவன் முன்னங்காலும் முட்டிக்கொள்ளும். குத்து வர வேண்டிய பக்கம் வராமல் வராத பக்கத்திலிருந்து வரும். ஒரு பையன் ரெஃப்ரியிடம் போய், "சார், இவன் திரும்பி நிக்கிறான்" என்று புகாரே சொல்லிவிட்டான். சுந்தரம் அந்த வருஷம் ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. துரைசாமி ஐயா வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, பிரசாதத்தை வலது கையால் எல்லோருக்கும் கொடுத்தார். அப்போதே உங்களுக்கு எழுதியிருப்பேன். ஆனால் ஜெயித்தான் என்று எழுதினால் எப்படி என்று கேட்பீர்கள்.

அந்த வெற்றியில்தான் எனக்கு ஒரு யோசனை வந்து தொலைத்தது. ஆபீசில் கப்பல் சரக்குக்கு டாலிக் கணக்கு எழுதுகிற வேளையிலும் அதே யோசனை. கோணலாக நின்று ஒருத்தன் ஜெயிக்கிறான், மன்றம் முழுக்க நின்றால் மன்றம் முழுக்க ஜெயிக்கிறது, அப்படியானால் ஊர் உலகம் முழுக்க இப்படி நின்றால் என்ன? இத்தனை காலம் எல்லோரும் முட்டாள்தனமாக இடதை நீட்டிக்கொண்டு இருந்தார்களா? சரபத் கடைப் பெஞ்சில் இதை நான் ஒரு பிரசங்கமாகவே செய்தேன். பாய் டீயை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார். "செக்ரட்டரி, சிராங்கூன் ரோட்டுல எல்லாரும் இடது பக்கம் போறாங்க. நீங்க ஒருத்தர் எதிர்ப்பக்கம் சைக்கிள்ல வந்தா எல்லாரும் பயந்து வழி விடுவாங்க, சீக்கிரமா வீட்டுக்குப் போயிடலாம். எல்லாரும் வந்தா?" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த நேரத்தில் அஸ்மத் வேறு. அவன் சங்கதியே தனி. அவன் இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிற்பான். முகத்தை மறைக்கவே மாட்டான். குத்து மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வரும்போது தலையை லேசாகச் சாய்ப்பான், போய்விடும். வலது கையாவது இடது கையாவது, அவனிடம் முன்னால் ஒரு கையுமே கிடையாது என்பதால் துரைசாமி ஐயா அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்து நாலைந்து பையன்களுக்கு ஆசை வந்து கையைத் தொங்கவிட்டார்கள். இஞ்ஞாசிக்கு மூக்கு உடைந்து, அவன் அம்மா அந்தோனியம்மாள் நேரே என் வீட்டு வாசலுக்கே வந்து, "என் புள்ளைக்கு மூஞ்சிய மூடிக்கக்கூட சொல்லிக்குடுக்க மாட்டீங்களா? நீங்கள்லாம் ஒரு செக்ரட்டரியா?" என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அஸ்மத்திடம் இருப்பது முறையே இல்லை, அது அவன் கண். அந்தக் கண்ணைக் கடன் வாங்க முடியாது. உலகம் பூராவும் அஸ்மத் மாதிரி நின்றால் உலகம் பூராவும் மூக்கு உடையும், அஸ்மத் ஒருத்தனுக்குத்தான் உடையாது.

வலதுகை விஷயம் அப்படியில்லை. அதற்குத் தனித் திறமை ஒன்றும் வேண்டாம், யாரும் நிற்கலாம். அதனால்தான் எல்லோரும் நின்றோம். இந்த வருஷம் வந்தது வினை. ஒருத்தன் மட்டும் கோணலாக நின்றால் அவன் ஒருத்தனுக்காக எவன் தனியாகப் பழகப்போகிறான்? மன்றம் மொத்தமும் நின்றால், எங்களை வெல்ல ஒரே ஒரு பாடம் போதும். படித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் இடது காலை எங்கள் வலது காலுக்கு வெளியே வைத்து நேராக ஒரு வலதுகைக் குத்து. அவ்வளவுதான். எங்கள் பையன்கள் வரிசையாக விழுந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால் நாங்கள் திருப்பிப் பழகவும் வழியில்லை. கிடங்கில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்கிறவர்கள். இடதுகைக்காரனோடு பழக வேண்டுமென்றால் இடதுகைக்காரன் ஒருத்தன் வேண்டாமா? ஒருத்தரையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

சுந்தரத்துக்கு நடந்ததுதான் எனக்கு மனசு தாங்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரே நிலைதான் தெரியும், அதில் நின்று தோற்றார்கள். இவனுக்கு இரண்டு தெரியும். குத்து விழ விழ, நீங்கள் சொல்லிக்கொடுத்தது உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. இடதை நீட்டப் போவான், துரைசாமி ஐயா முன்வரிசையில் இருப்பார், கையை இழுத்துக்கொள்வான். வலதை நீட்டப் போவான், உங்கள் முகம் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. அந்த யோசனைக்குள் அவன் வாங்க வேண்டியதை வாங்கிவிடுவான். போன வாரம் பஸ்ஸில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று படியைப் பார்த்துக்கொண்டு நின்றான் அத்தான். கண்டக்டர் மணியடித்து வண்டி போய்விட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியிருக்க ஃபைனலுக்கு எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். முதல் எதிராளி எடை பார்க்கும்போது கூடுதலாக இருந்தான், நீக்கிவிட்டார்கள். அடுத்தவன் சுந்தரத்தின் தலையில் தலையால் முட்டினான், அவனையும் நீக்கிவிட்டார்கள். இந்த வருஷப் போட்டியில் உங்கள் மகன் ஒரு குத்துகூட ஒழுங்காக விடாமல் இறுதிச் சண்டைக்கு வந்து நிற்கிறான்.

நீங்கள் எழுதியிருப்பதை நான் மறக்கவில்லை. "அவன் கையில் இந்த வித்தை இருக்கிறதா இல்லையா என்று என் கண்ணால் பார்ப்பேன். இல்லையென்றால் அன்றைக்கே ரயிலேற்றிக் கூட்டிவந்து பார்சல் ஆபீசில் உட்கார வைத்துவிடுவேன்" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். அவனுக்குப் பார்சல் ஆபீஸ் வேண்டாம் அத்தான். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் அந்த மிளகாய் நெடியில் கயிறு தாண்டுகிறான் பாருங்கள், அப்போது அவன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். எங்களுக்கும் பிள்ளையில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் தட்டு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரஸ்வதி இந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வர வேண்டாம் என்று சொல்கிறவன் பதிலுக்கு எதையாவது தர வேண்டும். நான் யோசித்ததைத் தருகிறேன். பாயோடு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன், இந்தத் தடவை அடக்கமாக. "இடதை முன்னால வெக்கிறதும் ஒரு காலத்துல எவனோ ஒருத்தன் செஞ்ச கோணங்கித்தனம்தானே? அவனையும் பாத்து நாலு பேரு சிரிச்சிருப்பாங்கல்லா" என்றார் பாய். நியாயம்தான். பலமான கையைப் பின்னால் வைத்துக்கொள் என்றால் முதலில் யார் ஒப்புக்கொண்டிருப்பார்கள்? ஆனால் அது எல்லோரும் கற்றுக்கொண்ட பிறகும் நின்றது. எதிராளிக்கும் அது தெரியும், தெரிந்தும் உதவுகிறது. எங்கள் வலதுகை எதிராளிக்குத் தெரிகிறவரைக்கும்தான் உதவியது. நாளைக்கே உலகம் முழுக்க வலதை நீட்டினால் என்ன ஆகும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இடமும் வலமும் மாறியிருக்கிறது, சண்டை அதே சண்டை. எங்களை ஜெயிக்க வைத்தது வலது கை இல்லை, நாங்கள் கொஞ்சம் பேராக இருந்ததுதான். இந்தச் சின்ன விஷயம் புரிய எங்களுக்கு ஒரு வருஷமும் இஞ்ஞாசியின் மூக்கும் செலவாகியிருக்கிறது.

ஆகவே நான் செய்யப்போவது இதுதான். ஃபைனலில் அவன் தோற்கட்டும். உங்கள் கண்ணில் படாமல் தோற்கட்டும். அதன் பிறகு துரைசாமி ஐயாவிடம் சண்டை போட்டாவது, அவனைப் பழையபடி இடது காலில் நிற்க வைத்து, அடுத்த வருஷம் உங்களுக்குத் தந்தி அடிக்கிறேன். அப்போது வந்து பாருங்கள். இந்த வருஷம் வேண்டாம். நான் சொல்லிக் கேட்காவிட்டால், அக்காவாவது உங்களைத் தடுத்து நிறுத்தட்டும்.

தங்கள் இருவர் காலையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறோம். திருமணமாகிப் போனதிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் தன் கையால் எழுதாத லட்சுமி அக்காவுக்கு என் மனத்தாங்கலையும் அன்பையும் சேர்த்தே சொல்லவும். சரஸ்வதி வணக்கம் சொல்கிறாள், தட்டைமுறுக்கு அனுப்பச் சொல்கிறாள். ஆண்டவன் தங்களை நீண்ட ஆயுளோடும் தைப்பிங்கிலேயும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
வேலாயுதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுத் தபாலில் போடப் போகும்போது அஸ்மத் ஓடிவந்தான். பிரித்து எழுதுகிறேன், உறை கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும். அத்தான், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அஸ்மத் ஃபைனல் எதிராளியின் மன்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். போன வருஷம் நாங்கள் ஜெயித்ததைப் பார்த்து அந்தப் பையனையும் அவன் மன்றத்தையும் முழுக்க முழுக்க வலது காலுக்கு மாற்றிவிட்டார்களாம்! எங்கள் தோல்வியைப் பார்த்துத் திரும்ப மாற்ற அவர்களுக்கு நேரமில்லை. இப்போது சிங்கப்பூரில் வலதுகைக்காரனோடு ஒரு வருஷமாகத் தினமும் பழகி, அதே சமயம் இடது கையையும் முறையாகக் கற்றவன் உங்கள் மகன் ஒருத்தன்தான். அந்த ரிங்கில் உங்கள் பட்டாளத்து ஸ்ட்ரெயிட் லெஃப்ட்தான் கோணல்! துரைசாமி ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "குடுக்கத்தானே வலது கை வேணும். இது அந்தப் பையன்கிட்டருந்து கப்பை வாங்குறது" என்று வழி கண்டுபிடித்துவிட்டார்.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. ரிங்கில் மணி அடித்ததும் அவன் எந்தக் காலை வைப்பது என்று யோசித்தால்? நான் உங்களுக்கு எழுதியதைச் சுந்தரம் வாங்கி முழுக்கப் படித்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "மாமா, அப்பாவை வரச் சொல்லுங்க. அவரு முன்னால உக்காந்திருந்தா எனக்கு யோசனையே வராது. பயத்துல லெஃப்ட்டு தானா போயிடும்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "தோத்தா கூட்டிக்கிட்டுப் போகட்டும் மாமா, நான் போறேன். ஆனா நான் நின்னதை அவரு பாத்திருக்கணும்."

வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடித்துவிடுங்கள். தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் நான் நிற்பேன்.